நாற்பது எழுத்து

விரல் வைத்தால் திறக்கிற கதவு அது. மூன்றாவது மாடியில் இருந்த அந்தக் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்கள், வாசலில் உள்ள சின்னக் கறுப்புப் பெட்டியில் கட்டைவிரலை வைக்க வேண்டும். பெட்டி மணி அடித்தால் வந்தாயிற்று என்று கணக்கு. அடிக்காவிட்டால் வந்தவளும் வராதவள்தான். பெருக்கித் துடைக்கிற அக்காவுக்கு அது பாதி நாள் அடிக்கவில்லை. பத்தொன்பது வருடம் சோப்பும் பினாயிலும் தின்றதில் அவள் விரலில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள், கடவுளை வேண்டிக்கொண்டும் வைத்தாள். பெட்டி அசையவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில், அவள் துடைப்பம் மாட்டுகிற ஆணியில் நீல நாடா கோத்த அட்டை ஒன்று தொங்கியது. அதில் அவள் படம் இருந்தது. பெட்டியிடம் காட்டினாள். மணி அடித்தது. அன்றிலிருந்து ஒருநாள்கூட அது அவளை வெளியே நிறுத்தியதில்லை. யார் செய்த புண்ணியம் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் கீழே இருக்கும் வாட்ச்மேன் வாயைத் திறந்தான்.

"நிதானம் சார்தான் அக்கா. ரெண்டு நாளா அந்தப் பெட்டியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

"ஏனாம்?"

"சொன்னா நீங்க நன்றி சொல்வீங்களாம். அதுக்குப் பதில் என்ன சொல்றதுன்னு அவருக்குத் தெரியாதாம்."

நிதானம் என்பது அவர் பெயர் இல்லை. கம்பெனியில் வேலை செய்யும் இளவட்டங்கள் வைத்த பட்டம். அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் எதையாவது அடித்து முடித்ததும் கடைசிப் பொத்தானை உடனே அமுக்க மாட்டார். இரண்டு கையையும் எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொள்வார். அடித்ததைத் திரும்ப ஒருமுறை படிப்பார். பிறகுதான் ஒற்றை விரலால், தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி அமுக்குவார்.

அந்த அலுவலகத்தில் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிவிட்டதால், பதினோரு நாற்காலிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டாயிற்று. மேலாளர் ஓர் ஊரில், டீம் லீட் என்று சொல்லப்படும் பெண் வேறோர் ஊரில், மற்றவர்கள் இன்னும் எங்கெங்கோ. அத்தனை பேரும் ஒரு ஸ்பீக்கருக்குள் குரலாக இருந்தார்கள். உடம்போடு வந்து உட்கார்ந்தவர் இவர் ஒருத்தர்தான். யாரும் உட்காராத மேசைகளை அக்கா தினமும் துடைப்பாள். சம்பளம் வாங்குகிறோமே, துடைக்காமல் விட்டால் மேலே இருக்கிற கடவுள் கேட்பாரே என்கிற பயம்.

"வீட்ல இருந்தே பாக்கலாமே சார், எல்லாரும் அப்படித்தானே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வீட்ல பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல அக்கா."

"இங்க மட்டும் யாரு இருக்கா?"

அவர் உறை போட்ட நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்தார். "பதினொரு பேரு இருக்காங்களே. மரியாதையான ஆளுங்க. குறுக்கப் பேச மாட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அன்றைக்கு அந்த அறையில் கேட்ட பேச்சு அவ்வளவுதான்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்பது அவளுக்கு வெகுநாள் புரியவில்லை. ஸ்மார்ட் கான்ட்ராக்ட், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று ஸ்பீக்கர் ஓயாமல் பேசும். ஒருநாள் டீ கொடுக்கும்போது கேட்டே விட்டாள்.

"அது ஒரு ஒப்பந்தம் அக்கா. காகிதத்துக்குப் பதிலா புரோகிராமா எழுதறாங்க. இன்னது நடந்தா இன்னாருக்குப் பணம் போகணும்னு எழுதி ஏத்திட்டா, அதுவே பாத்துக் கொடுத்துடும். நடுவுல ஆபீசர் கிடையாது, கையெழுத்து கிடையாது."

"நல்லதுதானே சார்?"

"நல்லதுதான். ஆனா ஏத்தினது ஏத்தினதுதான். திருத்த முடியாது. கான்கிரீட் போடறதைப் பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறாளாவது! செத்துப்போன அவள் வீட்டுக்காரர் கான்கிரீட் கலவை சுமந்தவர்தான். ஈரமாக இருக்கும்போது கம்பி விலகியிருந்தால் நேராக்கலாம், காய்ந்த பிறகு சம்மட்டிதான் என்று அவர் அடிக்கடி சொல்லுவார். அதை அவள் சொன்னதும் நிதானம் தலையாட்டினார்.

"அதேதான். இதுக்குச் சம்மட்டியும் கிடையாது. மத்தவங்க எழுதறாங்க. காயறதுக்கு முன்னாடி கடைசியாப் பாத்து ஊத்தறவன் நான்."

அவர் ஏன் அப்படிப் பயந்து பயந்து ஊற்றுகிறார் என்பதை ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு டீக்கு ஒரு வரி, இன்னொரு டீக்கு இன்னொரு வரி என்று அவிழ்ந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு அவரும் அவருடைய கூட்டாளியும் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி நடத்தினார்கள். ஒப்பந்தம் ஏற்றுவதற்கு முன் ஒத்திகை பார்ப்பது வழக்கம். ஒத்திகைக்கென்று ஒரு பொதுச் சாவி உண்டு. உலகத்தில் இந்த வேலை கற்றுக்கொள்கிற அத்தனை பேரும் அதே சாவியைத்தான் வைத்துப் பழகுவார்கள். பாடப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கும். நிஜமாக ஏற்றும்போது அதை எடுத்துவிட்டுச் சொந்தச் சாவியைப் போட வேண்டும். இவர் ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டார். ஊரே வைத்திருக்கிற சாவியைப் போட்டு நிஜ வீட்டைப் பூட்டிவிட்டார். பதினோரு நிமிடத்தில் எவனோ வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான்.

"கூட்டாளி திட்டலை அக்கா. திட்டியிருந்தா பரவாயில்லை. நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டான். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் திருப்பவே இல்லை."

பெண்சாதி, பிள்ளை என்று அவர் பேசி அக்கா கேட்டதில்லை. யாரோ வீட்டு மொட்டைமாடியில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை தூரதேசத்திலிருக்கும் தங்கை போன் செய்வாள், ஆறு நிமிடம் பேசுவாள். அவ்வளவுதான் அவருக்கு உறவு.

அந்த வருடம், ஒப்பந்தத்தை ஏற்றுகிற புரோகிராமுக்குள் அவர் புதிதாக ஒரு பாதுகாப்புப் பகுதியைச் சேர்த்தார். அதற்கு 'காவல்' என்று பெயர் வைத்தார். யாராக இருந்தாலும் ஒப்பந்தம் ஏற்றப் போனால், காவல் முதலில் வழி மறிக்கும். போட்டிருப்பது ஒத்திகைச் சாவியா என்று பார்க்கும். பரிசோதித்து ஒப்புக்கொண்ட ஒப்பந்தம்தானா, நடுவில் யாராவது கை வைத்தார்களா என்று பார்க்கும். மூன்றாவதாக, இந்த ஒப்பந்தம் யார் பொறுப்பில் இருக்கப் போகிறது என்று அந்தப் பொறுப்பாளரின் நாற்பது எழுத்து முகவரியைக் காட்டி, இன்னொரு மனிதர் சரி என்று சொல்லும்வரை நகராது. அதன் பிறகும் உடனே ஏற்றாது. பதினைந்து நிமிடம் காத்திருக்கும். அதற்குள் யாருக்காவது மனசு உறுத்தினால் நிறுத்திவிடலாம்.

ஸ்பீக்கரில் லீட் பெண் அலுத்துக்கொண்டாள். "சார், ஒரு பட்டன் அமுக்கற வேலையை இருபது நிமிஷமா ஆக்கிட்டீங்களே!"

"இருபத்தஞ்சு," என்றார் நிதானம்.

அந்த இன்னொரு மனிதர் லீட் பெண்தான். ஓர் ஒத்திகையில் இவர் வேண்டுமென்றே முகவரியை மாற்றிப் போட்டு அனுப்பினார். நாலு நொடியில் 'ஓகே சார்' என்று பதில் வந்தது. நாற்பது எழுத்தை நாலு நொடியில் யாராலும் படிக்க முடியாது. அவர் அவளிடம் சண்டைக்குப் போகவில்லை. பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, எண் படிக்கத் தெரியுமா?"

"அஞ்சாவது வரைக்கும் போயிருக்கேன் சார். எண்ணு தெரியாம எப்படி?"

"இங்கிலீஷ் எழுத்து?"

"ஏ, பி, சி, டி தெரியும். அதோட பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திட்டாங்க."

"எஃப் வரைக்கும் போதும். அதுக்கு மேல இந்த முகவரியில எழுத்தே கிடையாது."

"அப்ப ரெண்டு எழுத்துதானே பாக்கி!" என்றாள் அக்கா. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். "ஆனா கம்பெனி ரகசியத்தை நான் படிக்கலாமா சார்?"

"சாவிதான் ரகசியம். முகவரி வெறும் வீட்டு நம்பர் மாதிரி. தெருவுல போற யாரும் படிக்கலாம்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. வாரத்துக்கு இரண்டு தடவை, சில வாரம் மூன்று தடவை. முகவரி அச்சடித்த தாள் ஒரு நீல உறைக்குள் இருக்கும். அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, உறை போட்ட நாற்காலி ஒன்றின் விளிம்பில் உட்காருவாள். "ஏழு, சி, சைபர், நாலு, இ, இ..." என்று படிப்பாள். அவர் திரையில் தெரிகிற எழுத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வருவார். பத்து எழுத்துக்கு ஒருதரம் "சரி" என்பார். நாலு சரி சொன்னால் முடிந்தது. அதற்குப் பிறகுதான் லீட் பெண்ணின் ஓகேயும் கணக்கில் சேரும்.

அக்காவுக்கு அது பிடித்திருந்தது. தம்பி வீட்டில் பின்பக்க அறையில் இருக்கிறவள் அவள். அங்கே அவளிடம் பேசுகிற பேச்செல்லாம் 'அதை எடு, இதை வை'தான். தான் வாய் திறந்தால் ஒரு மனிதர் காது கொடுத்து உட்காருகிறார் என்பது அவளுக்குப் புதுசு. பாத்திரம் கழுவும்போதுகூட அந்த எழுத்துகள் வாயில் ஓடும். கம்பெனியின் எல்லா ஒப்பந்தத்துக்கும் பொறுப்பாளர் கம்பெனிதான் என்பதால் முகவரி எப்போதும் ஒன்றேதான்.

"என்ன அண்ணி, யாருக்கு மந்திரம் போடறீங்க?" என்பாள் தம்பி பெண்டாட்டி.

"உனக்குத்தான். வாய் கொஞ்சம் அடங்கட்டும்னு."

சாயங்காலம் கடவுள் முன்னால் கண்ணை மூடினால், வேண்டுதலுக்கு நடுவில் 'ஏழு, சி, சைபர்' என்று புகுந்துவிடும். தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

லாரி ஓட்டுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் சேர்ந்து ஒரு விபத்து நிதி வைத்திருந்தார்கள். அடிபட்டவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, செத்தவன் வீட்டுக்குச் சோறு. மூவாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள். அந்த நிதியை இந்தக் கம்பெனிதான் ஒப்பந்தமாக ஏற்றித் தர வேண்டும். இதில் ஒரு சிக்கல். கம்பெனியின் பழைய சாவி இருந்த கருவியோடு ஓர் ஆள் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போயிருந்தான். அதனால் புதுச் சாவி; சாவி மாறினால் முகவரியும் மாறும். பழைய முகவரியின் பொறுப்பில் நிதி ஏறிவிட்டால், அந்தக் கருவி யார் கையில் இருக்கிறதோ அவன் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். நிதானம் இதை எல்லோருக்கும் எழுதினார். நீல உறைக்குள் புதுத் தாளை வைத்தார். அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்லவில்லை. தாளைப் பார்த்துப் படிக்கிறவளுக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

அன்று காலையில்தான் தம்பி பெண்டாட்டி, பையனுக்குக் கல்யாணம் வருகிறது, பின்பக்க அறையைக் காலி பண்ணிக் கொடுங்கள் அண்ணி என்று சொல்லியிருந்தாள். கெட்டவள் இல்லை, தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். அக்கா அதை மனசில் சுமந்துகொண்டே வந்தாள். பதினொரு மணிக்குக் கையைக் கழுவி உட்கார்ந்தாள். தாளைக் கையில் பிடித்தாள். கண் தாளில் இருந்தது. மனசு அந்த அறையில், தன் பெட்டியை இனி எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் தன் பாட்டுக்குப் போனது. "ஏழு, சி, சைபர், நாலு..."

"சரி," என்றார் நிதானம். இரண்டாவது சரி, மூன்றாவது சரி, நாலாவது சரி.

ஸ்பீக்கரில் ஓகேயும் வந்தது. திரையில் பதினைந்து நிமிடம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். அக்கா தாளை உறைக்குள் திருப்பி வைக்கப் போனாள். அப்போதுதான் முதல் எழுத்து கண்ணில் பட்டது.

மூன்று. அடுத்தது பி.

மூன்றா? ஏழு என்றல்லவா சொன்னேன்? கடைசி எழுத்தைப் பார்த்தாள். அதுவும் வேறு. தாளை உறைக்குள் திணித்து அலமாரியில் வைத்துவிட்டு, டீக் குவளைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். சொன்னால் என்ன ஆகும்? ஏமாற்றுக்காரி என்பார். இத்தனை நாள் பாராமல்தான் ஒப்பித்தாயா என்பார். திரும்பக் கூப்பிட மாட்டார். கையில் துடைப்பம் மட்டும்தான் மிஞ்சும். சொல்லாவிட்டால்? ஒருவேளை ஒன்றும் ஆகாது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் அங்கே ஓகே சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது படித்தவளுக்கு என்ன தெரியும்? அப்படி நினைத்த உடனே வீட்டுக்காரரின் ஞாபகம் வந்தது. சாரத்திலிருந்து அவர் விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் யாரை யாரை எல்லாம் கெஞ்சினாள்! அப்படி ஒரு நிதி அன்றைக்கு இருந்திருந்தால்? கடவுளே, என் வாயைத் திறந்துவிடு என்று வேண்டிக்கொண்டு ஈரக் கையோடு வந்தாள்.

"சார்."

அவர் திரும்பினார்.

"நான் பாத்துப் படிக்கலை சார்."

"எதை?"

"இன்னைக்குத் தாளை. கையில வச்சிருந்தேன், ஆனா பாக்கலை. மனப்பாடமா வந்துடுச்சு. தாள்ல இருக்கறது வேற சார்."

திரையில் இன்னும் நாலு நிமிடம் சொச்சம் இருந்தது. முதல்முறையாக அவர் நிதானம் இல்லாமல் நடந்ததை அக்கா பார்த்தாள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, குனிந்தபடியே ஒரு பொத்தானை அமுக்கினார். ஓட்டம் நின்றது. பிறகு தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து விரல் வைத்துப் பார்த்தார். திரையில் இருந்ததும் பழைய முகவரிதான். வேறோர் ஊரில் யாரோ ஒரு வரியை மாற்ற மறந்திருந்தார்கள். ஒரே ஒரு வரி.

அவர் மெல்ல உட்கார்ந்தார். கை இரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றாள் அக்கா.

"பழசு காதுல விழுந்ததே. எனக்கும் உறைக்கலையே," என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

வரியைத் திருத்தினார்கள். மத்தியானம் அக்கா ஒவ்வோர் எழுத்தின்மேலும் நகத்தை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தாள். நிதி சரியான முகவரியில் ஏறியது. மூவாயிரம் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

அவர் நடந்ததை ஒளிக்காமல் மேலாளருக்கு எழுதினார். மறுநாள் ஸ்பீக்கர் கேட்டது.

"அக்கா சொன்னதால நிறுத்தினேன்னு எழுதியிருக்கீங்க. எந்த அக்கா சார்? உங்க கூடப் பிறந்தவங்களா?"

"இல்ல. ஆபீஸ் அக்கா."

"தரை துடைக்கறவங்களா? சார், இதைத் தணிக்கைக்காரங்க படிச்சா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சுட்டு மீதியையும் படிக்கட்டும்."

ஆனால் அதே வாரம் அவர் காவலை மாற்றி எழுதினார். இனிமேல் எழுத்துகளை வரிசையாகக் கேட்காது. பதினேழாவது என்ன, மூன்றாவது என்ன என்று கலைத்துக் கலைத்துக் கேட்கும். மனப்பாடம் உதவாது. படிக்கிற ஆளையும் அதுவே சீட்டுக் குலுக்கி எடுக்கும். ஒருமுறை படித்தவர் அடுத்த முறை படிக்கக் கூடாது. கம்பெனி ஆட்களின் பட்டியலைக் கொடுத்தார். அதில் அக்கா இல்லை.

அவள் கேட்கவில்லை. தண்டனை என்று எடுத்துக்கொண்டாள். நியாயமான தண்டனைதான் என்று கடவுளிடமும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஏற்றுகிற நாளில் எல்லாம், முகம் தெரியாத குரல் ஏதாவது ஒன்று ஸ்பீக்கரிலிருந்து எழுத்துச் சொல்லும். கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லும், நாய் குரைக்கிற வீட்டிலிருந்து சொல்லும். நிதானம் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்கு முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா தூரத்து மேசையைத் துடைப்பாள். டீ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். முன்போல ஒரு டீக்கு ஒரு வரி வருவதும் நின்றுபோயிற்று.

நாலு மாதத்தில் அந்த மாடியைக் காலி செய்வதாகக் கம்பெனி முடிவெடுத்தது. ஒற்றை ஆளுக்கு எதற்குப் பன்னிரண்டு நாற்காலி? நிதானம் தன் அறையிலிருந்தே வேலை செய்யலாம். அக்காவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இப்போது அவள் தம்பி வீட்டுக் கூடத்தில் படுக்கிறாள். விடிவதற்கு முன்னால் பாயைச் சுருட்டிவிட வேண்டும்.

கடைசி நாள் சாமான் ஏற்றுகிறவர்கள் வந்து நாற்காலிகளை உறையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அறை எதிரொலித்தது. அவர் கம்ப்யூட்டரைப் பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். போகலாம், ஆனால் போகவில்லை. அக்காவும் துடைக்க ஒன்றும் இல்லாத ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் வெட்கப்பட்டு என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு ஒருநாள்தான் சார் நான் பாக்கலை. அதுக்கப்புறம் கேட்டிருந்தா ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுப் படிச்சிருப்பேன். என்னை ஏன் கூப்பிடவே இல்லை?"

அவர் பையின் வாரைச் சரிசெய்தார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே போய் நின்று, கதவு மூடாதபடி கையால் தடுத்துக்கொண்டார்.

"நீங்க பாத்துத்தான் படிப்பீங்க அக்கா. எனக்குத் தெரியும். நான்தான் திரையைப் பாக்க மாட்டேன். அன்னைக்கும் நான் பாக்கலை. நீங்க படிக்கறதை வெறுமனே கேட்டுக்கிட்டு இருந்தேன்."